இரண்டாவது நோயாளி

மொழிபெயர்ப்பை ஜீவனமாகக் கொண்டவர்களுக்குச் சில ஆங்கிலச் சொற்கள் தீராத தலைவலி. 'கேர்கிவர்' அவற்றில் ஒன்று. அகராதியைப் புரட்டினால் 'பராமரிப்பாளர்' என்று வருகிறது. நகராட்சிப் பூங்காவுக்கும் லிஃப்டுக்கும் அது சரி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாமியாரின் ஈரப் புடவையை மாற்றும் மருமகளை அப்படி அழைக்க மனம் வருவதில்லை. 'காப்பாளர்' என்றால் மாணவர் விடுதி வார்டன் நினைவுக்கு வருகிறார். 'செவிலி' எப்போதோ ஆஸ்பத்திரிக்குக் குடிபோய்விட்டது. ஆனால் பேச்சுத் தமிழில் இதற்கு நல்ல வினைச்சொல் இருக்கிறது: "அம்மாவை யார் பார்த்துக்கறாங்க?" வினை உண்டு, அதைச் செய்கிறவருக்குத்தான் பெயர் இல்லை. எனவே இந்தப் பத்தியில் 'பார்த்துக்கொள்கிறவர்' என்றே எழுதப் போகிறேன். சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

நோய்க்கோ பெயர்களுக்குப் பஞ்சமில்லை. 60 வயதைத் தாண்டியவர் தடுமாறினால் இந்திக்காரர்கள் 'ஸடியா கயா' என்கிறார்கள். 'சாட்' என்றால் அறுபது. கன்னடத்தில் அறுபதுக்கு 'அரளு மரளு' என்று பழமொழியே உண்டு. யாழ்ப்பாணத் தமிழில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். வங்காளிகள் 'பீமரதி' என்கிறார்கள். 77 வயது, ஏழு மாதம், ஏழாவது இரவு என்று அதற்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். நாம் 70-ஆம் வயதில் பீமரத சாந்தி செய்து மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அதே பெயர் கங்கைக் கரையில் புத்தி பிசகுவதற்கு ஆகியிருக்கிறது. இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் லேசான சிரிப்பு ஒன்று கலந்திருக்கிறது. வயதானால் அப்படித்தான் என்ற சிரிப்பு.

அப்படித்தான் அல்ல என்று மருத்துவம் சொல்லி ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. மூளையின் செல்கள் சிதைவதால் வருவது டிமென்ஷியா. அதன் வகைகளில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிட கிராமத்தில் அதிகம். இவர்களில் மிகப் பெரும்பாலோர் இருப்பது ஆஸ்பத்திரியிலோ விடுதியிலோ அல்ல, வீட்டில்தான். ஆகவே ஒவ்வொருவர் அருகிலும் பெயரில்லாத இன்னொருவர் இருக்கிறார். 88 லட்சம் என்ற கணக்கில் அவர் சேரவில்லை.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக மும்பையில் இருப்பவர்கள். மாமியாருக்கு நோய் தொடங்கி ஆறாவது வருடம். மருமகள் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது வருடம் வேலையை விட்டார். மாமியார் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், "இவ எனக்குச் சோறே தரமாட்டா" என்று அழுவார். விளக்கு வைக்கும் நேரமானால் சேலைகளை மூட்டையாகக் கட்டி வாசலில் உட்காருவார். "ஏளா, பஸ்ஸு வந்துட்டா? எங்க அப்பா தேடுவாவ." அவருடைய அப்பா இறந்து 50 வருடங்களுக்கு மேல் ஆகிறது. கணவர் கெட்டவர் இல்லை. யார் விசாரித்தாலும் "அவ பாத்துக்கிடுவா" என்று பெருமையாகவே சொல்வார்.

வருடத்துக்கு ஒருமுறை நாத்தனார் திருநெல்வேலியிலிருந்து வருவார். அந்த நான்கு நாட்களும் கிழவி கச்சிதமாக இருப்பார். தலை சீவிக்கொள்வார், பேரன் பெயரைச் சரியாகச் சொல்வார், மகளிடம் ஊர்க்கதை கேட்பார். கிளம்பும்போது நாத்தனார் சொன்னது: "அம்மா நல்லாத்தான இருக்காவ, நீங்கதான் மைனி பெருசு படுத்துதிய." அன்றைக்கு இரவு, இந்த ஆறு வருடங்களில் முதல் தடவையாக, எங்கேயாவது போய்விடலாமா என்று தோன்றியதாக அந்த மருமகள் என்னிடம் சொன்னார். ரயில் ஏறி ஊருக்குப் போவதை அவர் சொல்லவில்லை என்பது குரலில் தெரிந்தது.

நாத்தனார் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேதனை. விருந்தாளி வந்தால் இந்த நோயாளிகள் பலர் தங்களுக்குள் மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் திரட்டிக் கொஞ்ச நேரம் பழைய ஆளாக நிற்பார்கள். டாக்டர் முன்னாலும் அப்படித்தான். பழக்கத்தில் ஊறிய உபசாரப் பேச்சு நினைவைவிட நீண்ட நாள் தாங்குகிறது. விருந்தாளி போன பிறகு களைப்பும் குழப்பமும் இரட்டிப்பாகத் திரும்புகின்றன. அதைப் பார்க்க ஒருவர்தான் மிச்சம். அதனால் டாக்டரிடம் போகும்போது, முந்தின இரண்டு வாரத்தில் நடந்ததைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது. வெளியூர் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நான்கு நாள் வேண்டாம், பத்து நாள் இருங்கள், மூன்று நாளாவது அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு யாரும் 'பெருசு படுத்துதிய' என்று சொன்னதாகத் தெரியவில்லை.

குற்றம் சாட்டுவது நம் நாட்டில் இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்றோ என்று சந்தேகப்படத் தோன்றும். கோவாவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஊர்மக்களிடம் பேசியபோது, முதியவர்களுக்கு இப்படி ஆவதற்குக் காரணமாகப் பலர் சொன்னது பிள்ளைகள் அன்பு காட்டாததை, அலட்சியமாக நடத்துவதை. லாரன்ஸ் கோஹன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் காசியின் தெருக்களில் பல காலம் தங்கி 1998-இல் ஒரு புத்தகம் எழுதினார். கிழவர் பிதற்றினால் அது அவர் மூளையின் கோளாறு என்பதைவிட, குடும்பம் கெட்டுவிட்டது என்பதற்குச் சாட்சியமாகப் பார்க்கப்படுவதை அவர் கண்டார். திருச்சூர் பக்கம் இந்த நிலைக்கு 'சின்னன்' என்று பெயர், சிறுபிள்ளைத்தனம் என்ற பொருளில். அங்கே டாக்டர் கே.எஸ். ஷாஜியும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள், பல வீடுகளில் மருமகள்கள். அவர்களோ நோயின் செய்கைகளை வேண்டுமென்றே செய்யும் குறும்பாக எடுத்துக்கொண்டு மனம் புழுங்கினார்கள். ஊர் மருமகளைச் சந்தேகிக்கிறது, மருமகள் கிழவியைச் சந்தேகிக்கிறாள். நோய் மட்டும் யார் சந்தேகத்துக்கும் ஆளாகாமல் தன் வேலையைப் பார்க்கிறது.

பழி ஒரு பக்கம் என்றால், பாராட்டு இன்னொரு பக்கம். "உன்னைப் போல் யார் செய்வார்கள், தெய்வம் நீ" என்று பட்டம் கொடுத்தாகிவிட்டது. தெய்வம் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்கலாமா? சினிமாவுக்குப் போகலாமா? தியாகம் என்ற சொல்லைப் பெண்கள் விஷயத்தில் நாம் கொஞ்சம் தாராளமாகவே செலவழிக்கிறோம். அதில் நமக்கு லாபம் இருக்கிறது. பாராட்டுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவர்கள், திருமணத்தைத் தள்ளிப்போட்ட மகன்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் அனுதாபம் அதிகம், உதவியும் சற்று அதிகம். பக்கத்து வீட்டிலிருந்து சாம்பார் வரும். மருமகளுக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் 1981-இல் வெளிவந்து இன்றும் விற்கும் ஒரு கையேட்டின் பெயர் '36 மணி நேர நாள்'. பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு நாள் அவ்வளவு நீளம் என்று அர்த்தம். அந்த நீளம் உடம்பில் தெரியும். நோயுற்ற கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 1999-இல் வெளியானது. அந்தப் பொறுப்பால் மன அழுத்தத்துக்கு ஆளானவர்கள் இறக்கும் அபாயம், அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவிகிதம் அதிகமாக இருந்தது. மருத்துவர்கள் சிலர் இவர்களை 'மறைந்திருக்கும் நோயாளி' என்றே அழைக்கிறார்கள். நம் ஊரில் டாக்டர் பெரியவரின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார். கூட வந்தவர் கையைப் பிடித்துப் பார்ப்பது அபூர்வம். "நீங்கள் தூங்குகிறீர்களா?" என்று அவரைக் கேட்பது அதைவிட அபூர்வம். கேட்டால் பல பேர் அந்த அறையிலேயே அழுதுவிடுவார்கள். வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது எந்த டாக்டருக்கு அதற்கு நேரம்?

'கூட்டுக் குடும்பம் இருந்தவரை இந்தப் பிரச்சினை இல்லை' என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வளரும் நாடுகளில் இதை ஆராயவென்றே 1998-இல் உருவான குழு ஒன்று தன் பெயரையே '10/66' என்று வைத்துக்கொண்டது. டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவிகிதம் பேர் வளரும் நாடுகளில்; ஆய்வுகளில் 10 சதவிகிதத்துக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பது அந்தக் கணக்கு. அவர்கள் பல நாடுகளில் பார்த்தபோது, பெரிய குடும்பங்கள் நிறைந்த நம் போன்ற நாடுகளிலும் பார்த்துக்கொள்கிறவரின் மன உளைச்சல் மேலை நாடுகளுக்குச் சற்றும் குறைந்ததாக இல்லை. வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் இரவில் எழுகிறவர் ஒருவர்தானே.

என்ன செய்யலாம்? நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பதில் கோவாவிலிருந்து வந்தது. திஸ்வாடி, பார்தேஸ் தாலுகாக்களில் டிமென்ஷியா நோயாளி உள்ள 81 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். சரிபாதிக் குடும்பங்களுக்கு, குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம், வீடு தேடி வந்தார். அவர் டாக்டரோ நர்ஸோ அல்ல. கொங்கணி பேசும் சாதாரண ஆள். வந்து என்ன செய்தார்? இது நோய் என்று விளக்கினார். குளிப்பாட்ட, சாப்பிட வைக்க யோசனை சொன்னார். வீட்டில் மற்றவர்களையும் உட்காரவைத்து வேலையைப் பங்குபோடப் பேசினார். அரசு உதவித் திட்டங்களைச் சொன்னார். முக்கியமாக, பார்த்துக்கொள்கிறவர் பேசுவதைக் கேட்டார். தேவைப்பட்டால் பின்னால் ஒரு மனநல மருத்துவர் இருந்தார்.

2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயாளியின் தொல்லைகள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. சுமையை அளக்கும் கேள்விகளிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டிருந்தது. அதே தொல்லைகள் அவர்களுக்குத் தரும் வேதனை குறைந்திருந்தது. கிழவர் அதே கேள்வியை அதே இருபது தடவை கேட்கிறார். கேட்பவருக்கு அது முன்போல் குத்தவில்லை. மருந்து கண்டுபிடிக்கக் கோடிகள் கொட்டப்படும் உலகத்தில் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

அந்தக் கோவாக்காரர் நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. அவர் சொல்லியிருக்கக்கூடியவற்றில் சிலவற்றை நாமே சொல்லிக்கொள்ளலாம். முதலாவது, வாதம் செய்யாதிருப்பது. "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்" என்பது உண்மை. அந்த உண்மையால் யாருக்கும் பயனில்லை. சாப்பிட்டது அவர் நினைவில் பதியவே இல்லை; நாம் சாட்சி சொல்லப் பதிய வராது. செம்பூர் மருமகள் இப்போது ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பொரி போட்டுக் கொடுத்து, "சோறு வேகுது அத்தை, அதுவரைக்கும் கொறிங்க" என்கிறார். கிழவி கொறித்துவிட்டு மறந்துவிடுகிறார். பஸ் கேட்டால், "வர நேரம்தான், காப்பி குடிச்சிட்டுப் போவோம்." சத்தியவிரதர்கள் இதைப் பொய் என்பார்கள். இருட்டும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயின் இயல்பு. பொழுது சாயும் முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவது, அந்த நேரத்துக்கு ஒரு சிறு வேலை, மல்லிக்கட்டை ஆய்வது, துணி மடிப்பது என்று வைத்துக்கொள்வது பல வீடுகளில் உதவுகிறது. மடித்த துணியை மறுபடி கலைத்து மடிக்கச் சொல்லலாம். குளிக்கப் பிடிவாதம் பிடித்தால் இன்று துடைத்துவிட்டால் போதும். ஒரு நாள் குளிக்காததால் யாரும் கெட்டுப்போவதில்லை. அடம்பிடிப்பவரை இழுத்துப்போய்க் குளிப்பாட்டியவரின் முதுகு கெட்டுப்போகிறது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். நேற்றுவரை ஓரளவு இருந்தவர் ஓரிரு நாளில் தலைகீழாக மாறினால் அது டிமென்ஷியா முற்றியதாக இருக்காது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று வேறு காரணம் இருக்கும். டாக்டரிடம் உடனே போக வேண்டும். இரவில் தூங்கவில்லை என்பதற்காக வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடுவதும் ஆபத்து. அரைத் தூக்கத்தில் எழுந்து விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். அதன் பிறகு வீட்டில் வேலை இரண்டு மடங்கு.

அடுத்தது ஓய்வு. இங்கேதான் பார்த்துக்கொள்கிறவர்கள் பிடிவாதமாக மறுப்பார்கள். "நான் இல்லாமல் அவர் சாப்பிட மாட்டார்." உண்மையாகவே இருக்கலாம். ஒரு வேளை சாப்பிடாமல் இருக்கட்டும். ஓய்வு என்பது முடியாமல் போகும்போது எடுத்துக்கொள்வது என்று வைத்தால் அந்த நாள் வராது. முடியாமல் போனது தெரியவே பல மாதம் ஆகும். வாரத்தில் இன்ன நாள், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று காலண்டரில் எழுதிவைத்தால்தான் நடக்கும். உறவினர்களிடம் "கொஞ்சம் உதவி செய்யக் கூடாதா?" என்று பொதுவாகக் கேட்பது வீண். எல்லோரும் "கட்டாயம், எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்பார்கள். அதற்கு அர்த்தம், கூப்பிடாதே. "ஞாயிறு நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை நீங்கள், மாதம் இவ்வளவு ரூபாய் அவர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது தம்பி" என்று கேட்க வேண்டும். கேட்பது அசிங்கமாக இருக்கிறது என்பவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை சக்கர நாற்காலி வாங்கி அனுப்புவதைவிட, நாள் முழுக்க ஓர் ஆள் வைப்பதற்கான சம்பளத்தை மாதாமாதம் அனுப்புவது பயன். செம்பூர்க் கணவருக்குக் கடைசியில் அந்த ஞாயிறு நான்கு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. முதல் வாரம் மூன்று முறை ஃபோன் செய்தார். மனைவி எடுக்கவில்லை. இரண்டு மாடி மேலே ஒரு தோழி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கோபம் வரும். கை ஓங்கும். சில வீடுகளில் ஓங்கிய கை இறங்கியும் இருக்கிறது. பிறகு பூஜை அறையில் போய் அழுவார்கள், இனிமேல் மாட்டேன் என்று சத்தியம் செய்வார்கள். சத்தியத்தால் தூக்கமின்மை தீராது. கோபம் தலைக்கேறும்போது, அவர் விழுந்துவிடாதபடி உட்காரவைத்து, கேஸை மூடிவிட்டு, அந்த அறையை விட்டுப் பத்து நிமிடம் வெளியே வந்துவிடுவதுதான் உடனடி வழி. அது அடிக்கடி நேர்ந்தால், உதவியை இன்னும் தள்ளிப்போட முடியாது என்று பொருள். "இவர் சீக்கிரம் போய்விட்டால் தேவலை" என்ற நினைப்பும் அப்படித்தான். அது ராட்சசர்களுக்கு மட்டும் வருவதில்லை. வருடக்கணக்கில் அன்போடு செய்தவர்களுக்கே வருகிறது. அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். 'நானே போய்விடலாம்' என்ற நினைப்பு வந்தால் காத்திருக்கவே கூடாது. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நோய் ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவருகிறது. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியின் குழு 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் ஒரு செய்தி வெளியிட்டது: ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியா சராசரியாக நாலரை வருடம் தாமதமாக வருகிறது. எழுத்தறிவில்லாதவர்களிடமும் இதைக் கண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் வந்த பிறகு, பலருக்குப் பின்னால் கற்ற மொழிதான் முதலில் நழுவுகிறது. 40 வருடம் டெல்லி செக்ரடேரியட்டில் இந்தியும் ஆங்கிலமும் பேசியவர் ஒரு நாள் தஞ்சாவூர்த் தமிழுக்குத் திரும்பிவிடுகிறார். ஏஜென்சி அனுப்பும் ஆள் ஒடியா அல்லது வங்காளம் பேசுகிறவர். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை. ஆக, வீட்டில் தமிழ் தெரிந்த ஒரே ஒருவர்மேல் முழு பாரமும் விழுகிறது. வருகிறவருக்கு முப்பது தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொடுப்பதற்கு இரண்டு நாள் செலவிடலாம்: தண்ணி, வலிக்குதா, பாத்ரூம், வாங்க உட்காரலாம், பயப்படாதீங்க. இந்தி எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். உச்சரிப்பு வேடிக்கையாக இருந்தது, பெரியவருக்குப் புரிந்தது.

ஆள் வைப்பதும், பகல்நேர மையத்தில் விடுவதும், கடைசியில் ஒரு இல்லத்தில் சேர்ப்பதும் பெற்றோரைத் தள்ளிவிடுவதாகவே நம்மிடம் பேசப்படுகிறது. சுமித்ரா பாவே - சுனில் சுக்தன்கர் இயக்கிய 'அஸ்து' என்ற மராத்தி படத்தில், சமஸ்கிருதப் பண்டிதரான அப்பாவைக் காரில் உட்காரவைத்துவிட்டு மகள் சிறிது நேரம் கடைக்குப் போகிறாள். அதற்குள் அவர் தெருவில் போகும் ஒரு யானையின் பின்னால் போய்விடுகிறார். படம் முழுக்க மகள் தன்னையே குடைந்துகொள்கிறாள். அந்தப் பக்கம் யானைப்பாகனின் மனைவி, அவர் யாரென்றே தெரியாமல், குழந்தையைப் போல் சோறூட்டுகிறாள். அவளுக்கு அவருடைய பழைய மேதைமை தெரியாது. இழந்தது எது என்றும் தெரியாது. வெளியாளால் சில நேரம் சுலபமாகச் செய்ய முடிவது இதனால்தான். மகளுக்கு ஒவ்வொரு கவளத்திலும் ஒரு துக்கம் இருக்கிறது. ஆள் இருக்கும்போதே இழப்பதற்குக் கருமாதி கிடையாது, துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. வசதியுள்ளவர்கள் சம்பளத்துக்கு ஆள் வைப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பது என் எண்ணம். அப்படி வருகிறவரும் பார்த்துக்கொள்கிறவர்தான், அவருக்கும் வாரம் ஒரு நாள் லீவு வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சட்டத்தைக் கேட்டால் அது ஒரு கண்ணால் மட்டுமே பார்க்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கைவிடாமல் பத்து வருடம் வைத்துக்கொண்டவருக்கு என்ன என்று அதில் ஒரு வரியும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2017-இல் ஏற்றுக்கொண்ட டிமென்ஷியா செயல்திட்டத்தின் ஏழு அம்சங்களில் ஒன்று, பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆதரவு. காகிதத்தில் இருக்கிறது. பணவிஷயத்தில் குடும்பமே முந்திக்கொள்வது நல்லது. நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கும்போதே, அவருக்குப் புரிந்து கையெழுத்துப் போட முடியும்போதே, வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, வாரிசு நியமனம், உயில் ஆகியவற்றை முடித்துவிட வேண்டும். பவர் பத்திரம் எழுதி வாங்கினால் கடைசிவரை செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடுத்தவர் புத்தி சுவாதீனத்தை இழந்தால் நம் சட்டப்படி அந்த அதிகாரம் முடிந்துவிடும். நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ்வுச் சான்று கேட்பார்கள், கையெழுத்து மாறியிருக்கும். அந்த அலைச்சலும் பார்த்துக்கொள்கிறவர் கணக்கில்தான்.

உதவி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் 1992-இல் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் இருக்கின்றன. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம், பெங்களூரில் நிம்ஹான்ஸ், நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை ஆகியவை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து உதவுகின்றன. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. இந்த இடங்களில் நடக்கும் குடும்பத்தினர் கூட்டங்களுக்கு ஒருமுறையாவது போய்வருவது, ஒரு புட்டி டானிக்கைவிட நல்லது. அங்கே யாரும் 'தெய்வம்' என்று சொல்வதில்லை. "எங்கள் வீட்டில் நேற்று ஃபிரிட்ஜுக்குள் செருப்பை வைத்துவிட்டார்" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், சொன்னவர் உட்பட.

கடைசியாக, பெரியவர் போன பிறகு. ஏழெட்டு வருடம் அவரது மணிக்கணக்கில் வாழ்ந்தவருக்குத் திடீரென்று நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். விட்ட வேலை திரும்பக் கிடைக்காது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும், எழுந்து போய்க் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு வருவார்கள். "ஒருவழியாக உனக்கு விடுதலை" என்று வருகிறவர்கள் சொல்வார்கள். சொல்லாமல் இருந்தால் நல்லது. பதிமூன்றாம் நாள் முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பும்போது, உறவில் யாராவது ஒருவர் ஒரு வாரம் கூடத் தங்கலாம். அவரைக் கூட்டிக்கொண்டு போய், பல வருடமாகத் தள்ளிப்போட்ட சர்க்கரைப் பரிசோதனையையும் கண் பரிசோதனையையும் செய்துவிட்டு வரலாம்.